‘தம் இறை’ என்னும் அச்சம்: ‘மெக்சிகன் கோதிக்’ நாவலில் மனையும் மறைபொருளும்

ஆய்வுச்சுருக்கம்

சில்வியா மொரேனோ-கார்சியா ஆங்கிலத்தில் எழுதி 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மெக்சிகன் கோதிக்’, ஒரு குடும்பத்தின் இருண்ட இரகசியங்களை மீயியற்கைக் கூறுகளோடு சொல்லும் திகில் நாவலாகும். இந்நாவலில் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்ற வினாவைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சத்தின் நிலைக்களன்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பேயெனத் தோன்றும் பெண் அச்சத்தின் தோற்றுவாய் அல்லள். குடும்பத் தலைவனின் அதிகாரமே தோற்றுவாய் என்பதும், குடும்ப இரகசியம் என்பது என்றோ நிகழ்ந்து மறைக்கப்பட்ட குற்றமாக இல்லாமல் அக்குடும்பம் நாள்தோறும் இயங்கும் முறையாகவே இருக்கிறது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கோதிக் புனைவு, மெய்ப்பாடு, அச்சம், அணங்கு, தம் இறை, மனை, நீலி, இனமேம்பாட்டுக் கொள்கை.

முன்னுரை

திகில் நாவல்களை வணிகப் புனைவு என ஒதுக்கிவைப்பது நம் தமிழ்த்துறைகளில் நெடுநாளைய வழக்கம். ஆனால் அச்சத்தை இலக்கிய ஆய்வுக்குரிய பொருளாக முதலில் வகுத்துக் காட்டிய நூல்களுள் தொல்காப்பியமும் ஒன்று. எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்கிறது மெய்ப்பாட்டியல். இப்பகுப்பைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திக் காட்டிய ஆய்வுகள் பல. தற்காலத் திகில் நாவலுக்கு அது என்ன தருகிறது என்ற கேள்விக்கு இன்னும் இடமிருக்கிறது.

கோதிக் என்னும் நாவல் வகை தொடக்கம் முதலே குடும்பத்தைப் பற்றியது. அவ்வகையின் முதல் நாவலாகக் கருதப்படும் ஹோரஸ் வால்போலின் ‘ஒட்ராண்டோ கோட்டை’ (1764) பாட்டன் அபகரித்த சொத்துக்காகப் பேரன் குடும்பம் அழியும் கதை. எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய ‘அஷர் இல்லத்தின் வீழ்ச்சி’யில் குலமும் வீடும் ஒரே நாளில் சரிகின்றன. மொரேனோ-கார்சியா இம்மரபை நன்கறிந்தவர். எச்.பி. லவ்கிராஃப்டின் படைப்புகளில் பெண்களும் இனமேம்பாட்டுச் சிந்தனையும் என்ற பொருளில் 2016இல் முதுநிலை ஆய்வேடு எழுதியவர். நாவலில் வரும் இனவாதப் பேச்சுகள் மேற்பூச்சாக இல்லாமல் கதையின் எலும்பாக அமைந்திருப்பதற்கு அந்தப் பயிற்சி ஒரு காரணமாகலாம்.

கதையும் களமும்

1950ஆம் ஆண்டு. மெக்சிகோ நகரின் செல்வக் குடும்பத்துப் பெண் நோயெமி தபோதா. அவளுடன் வளர்ந்த உறவினளான கத்தலீனா, வெர்ஜில் டாய்ல் என்னும் ஆங்கிலேயனை மணந்து இதால்கோ மாநில மலையூர் ஒன்றில் வாழ்கிறாள். கணவன் தனக்கு நஞ்சிடுவதாகவும் சுவர்கள் பேசுவதாகவும் அவளிடமிருந்து குழப்பமான கடிதம் வருகிறது. உண்மையை அறிந்துவரத் தந்தை நோயெமியை அனுப்புகிறார். போய்வந்தால் மானிடவியலில் முதுகலை படிக்க இசைவு தருவதாக வாக்களிக்கிறார். மெக்சிகோவில் பெண்கள் தேசிய அளவில் வாக்குரிமை பெற்றது 1953இல்தான் என்பதை நினைவிற் கொண்டால், படிப்புக்கான அனுமதி இங்கு ஏன் பேரப்பொருளாகிறது என்பது விளங்கும். குடும்பத் தலைவனின் ‘இசைவு’ என்பது டாய்ல் வீட்டில் மட்டும் உள்ள ஒன்றன்று. அது நோயெமியின் அன்பான வீட்டிலும் உண்டு. ஆசிரியர் இதை அழுத்திச் சொல்லவில்லை, தொடக்கத்திலேயே வைத்துவிட்டு நகர்கிறார்.

ஊரின் பெயர் எல் திரியுன்ஃபோ. ‘வெற்றி’ என்று பொருள். வீட்டின் பெயர் ‘ஹை பிளேஸ்’, அதாவது உயரிடம். ஆங்கில விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் பலிமேடுகளைக் குறிக்கவும் இத்தொடரே ஆளப்படுகிறது. இக்கற்பனை ஊருக்கு முன்மாதிரி இதால்கோவிலுள்ள ரியல் டெல் மோந்தே. 1824இல் தொடங்கப்பட்ட பிரித்தானியச் சுரங்க நிறுவனம் ஒன்றின் வழியாக இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதித் தொழிலாளர்கள் அங்கு வந்து வெள்ளிச் சுரங்கங்களில் உழைத்தனர். அவர்களுக்கான ஆங்கிலேயக் கல்லறைத் தோட்டம் இன்றும் பனி மூடிய குன்றின்மேல் இருக்கிறது. ஆகவே, மெக்சிகோ மலையில் ஒரு விக்டோரிய மாளிகை என்பது ஆசிரியரின் விந்தைக் கற்பனையன்று. அதற்கு வரலாற்று அடித்தளம் உண்டு.

மாளிகையின் தலைவர் வெர்ஜிலின் தந்தை ஹோவர்ட் டாய்ல், அழுகும் உடலோடு படுக்கையிலிருக்கும் முதியவர். அவ்வீட்டில் உணவு மேசையில் பேசலாகாது. பேச நேரும்போது ஆங்கிலமே பேசவேண்டும். தோட்டத்து மண் கூட ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. நோயெமிக்குத் தூக்கத்தில் சுவர்த்தாள் அசைகிறது. பொன்னொளி வீசும் முகமற்ற பெண்ணொருத்தி கனவில் வருகிறாள். பிற்பகுதியில் விடை வெளியாகிறது. சுவர்களிலும் மண்ணிலும் ஊடுருவியுள்ள ஒரு பூஞ்சை அக்குடும்பத்தார் நினைவுகளைச் சேமித்து வைக்கிறது. டாய்ல் இரத்தத்தாருக்கு அது நோய் நீக்கி ஆயுள் தருகிறது. அதன் வழியே ஹோவர்ட் தன் உயிர்ப்பைத் தன் மரபினர் உடல்களுக்கு மாற்றி மாற்றி வாழ்ந்துவருகிறார். நினைவுகளாலான இந்த வலையைக் குடும்பத்தார் ‘மூட்டம்’ என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கின்றனர்.

நான்கு நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியலின் நான்கையும் இந்நாவலில் தேடினால் நான்கும் சம அளவில் கிடைப்பதில்லை. விலங்கச்சம் மிக மெலிவு. தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு வீட்டின் சின்னமாகப் பல இடங்களில் செதுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதை வலிந்து பொருத்த வேண்டியதில்லை. கள்வர் உண்டு, மலையின் வெள்ளியை அள்ளியவர்கள், இப்போது கத்தலீனாவின் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள். ஆயினும் நோயெமி அவர்களைக் கண்டு அஞ்சுவதில்லை, எரிச்சலடைகிறாள். அவளது முதல் அச்சம் அணங்கச்சம். கனவில் வரும் பொன்னிறப் பெண்ணும், நள்ளிரவில் தூக்கத்தில் நடக்கவைக்கும் ஏதோவொன்றும் அவளை நடுங்கவைக்கின்றன.

இவ்விடத்தில் நூற்பாவின் சொல்லமைப்பு ஒன்று கவனிக்கத்தக்கது. அணங்கு, விலங்கு, கள்வர் ஆகியவற்றுக்கு அடை இல்லை. இறைக்கு மட்டும் ‘தம்’ என்ற உரிமைச் சொல் முன்னிற்கிறது. முதல் மூன்றும் அஞ்சுபவருக்குப் புறத்தே உள்ளவை. காட்டிலோ வழியிலோ எதிர்ப்படுபவை. அவற்றிடமிருந்து தப்பி வீட்டுக்கு ஓடிவரலாம். நான்காவது தமக்கே உரியது, தாம் கீழ்ப்படியக் கடமைப்பட்டது. அதனிடமிருந்து ஓடிவர வீடு என்ற ஒன்று இல்லை. குடும்ப இரகசியத்தைப் பொருளாகக் கொண்ட திகில் நாவல், அணங்கச்சத்தில் தொடங்கித் தம் இறை அச்சத்தில் முடியும் வகை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. பேய் யாரென்று தேடிச் செல்லும் வாசகர் இறுதியில் வீட்டுத் தலைவரின் அறைக்கதவின் முன் வந்து நிற்கிறார்.

ஹோவர்ட் இத்தகைய இறையாக முதல் விருந்திலேயே அறிமுகமாகிறார். நோயெமியின் நிறம் கத்தலீனாவின் நிறத்தைவிடக் கருமையானது என்பதைக் குறிப்பிட்டு, உயர்ந்த இனங்கள், தாழ்ந்த இனங்கள் குறித்த அவளது கருத்தைக் கேட்கிறார். அவள் மெக்சிகோ மானிடவியலாளர் மனுவேல் காமியோவின் கருத்தைச் சொல்லி மறுக்கிறாள். கதையின் முதல் மோதல் பேயோடு நிகழவில்லை. உணவு மேசையில், நாகரிகமான குரலில் நிகழ்கிறது.

மற்றொரு மெய்ப்பாடும் இங்கு இணைகிறது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவை இளிவரலுக்கு நிலைக்களன்கள் என்கிறது அதே இயல். அவற்றுள் மூப்பும் பிணியும் ஹோவர்டின் உடலில் எல்லை கடந்து தெரிகின்றன. பொதுவாக இறை அச்சத்துக்கு வலிமையும், இளிவரலுக்கு நலிவும் அடிப்படை. எழுந்து நிற்கவும் இயலாத ஓர் உடல் வீடு முழுவதையும் ஆள்வதால் இந்நாவலில் இரண்டும் ஓரிடத்தில் சேர்கின்றன. உடல் எத்துணை அழுகினாலும் அதிகாரம் அழுகுவதில்லை; அடுத்த உடலுக்கு மாறிவிடுகிறது. யோவான் நற்செய்தியில் வாக்கு உடலெடுப்பதைக் கூறும் இலத்தீன் தொடரை இக்குடும்பம் தன் சடங்கில் ஓதுவது, தந்தையின் சொல் மகனின் உடலைப் பறிப்பதற்குப் பூசிய புனிதப் பூச்சு.

ஊரறிந்த கொலை, ஊரறியாக் காரணம்

டாய்ல் குடும்பத்தின் பெரிய ‘இரகசியம்’ ஊரார் அனைவரும் அறிந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஹோவர்டின் மகள் ரூத், தன் தாயையும் மணக்கவிருந்த உறவினனையும் மற்றும் சிலரையும் சுட்டுக் கொன்றாள். தந்தையையும் சுட்டாள், அவர் பிழைத்தார். பின் தன்னையும் மாய்த்துக்கொண்டாள். ஊரில் மூலிகை மருத்துவம் பார்க்கும் மார்த்தா துவால் என்னும் மூதாட்டி இதை நோயெமிக்குச் சொல்கிறாள். ரூத் விரும்பியவன் உள்ளூர் இளைஞன் பெனித்தோ, அவன் காணாமற்போனான்.

துப்பறியும் நாவலில் நிகழ்ச்சி மறைக்கப்பட்டிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதே கதை. இங்கு நிகழ்ச்சி வெளிப்படை. அதன் காரணமே மறைபொருள். இரத்தம் கலவாமலிருக்க உறவுக்குள்ளேயே மணமுடிப்பது அவ்வீட்டின் சட்டம். பூஞ்சை அவ்விரத்தத்தோடு மட்டுமே இணங்கும் என்பதால் அச்சட்டம் ஹோவர்டின் ஆயுளுக்கான ஏற்பாடும் ஆகிறது. ரூத் அந்த ஏற்பாட்டைச் சுட்டாள். குடும்பமோ அதைப் பித்து என்று பெயரிட்டுப் பேசிவருகிறது. கொலையை மறைக்க முடியாதபோது அதன் பொருளை மாற்றிவிடுவதே இரகசியம் காக்கும் வழி. கத்தலீனாவுக்கும் இதுவே நேர்கிறது. குடும்ப மருத்துவர் கம்மின்ஸ் அவளுக்குக் காசநோய் என்கிறார். கடிதத்தில் அவள் எழுதிய உண்மை காய்ச்சலின் பிதற்றலாகிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் ‘மஞ்சள் சுவர்த்தாள்’ (1892) சிறுகதையில் மருத்துவரான கணவன் மனைவியை ஓய்வென்னும் பெயரில் அறைக்குள் அடைப்பதை இது நினைவூட்டும். சுவர்த்தாள் அசையும் காட்சி அதற்கான வெளிப்படையான வணக்கம்.

மீயியற்கையை நோக்கி ஓடிவிடாமல் நோயெமி முதலில் அறிவியல் விளக்கம் தேடுவது நாவலின் நல்ல பகுதிகளுள் ஒன்று. சாயத் தொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவளாதலால், பழைய பச்சைச் சுவர்த்தாள்களின் நிறமியில் ஆர்செனிக் இருந்ததையும், பூசணம் படிந்தால் அது நச்சு ஆவியாக வெளிப்படக்கூடும் என்பதையும் எண்ணிப்பார்க்கிறாள். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய வீடுகளில் உண்மையாகவே நிலவிய சிக்கல். அவள் ஊகம் தவறுகிறது, ஆனால் முழுதும் தவறவில்லை. நஞ்சு சுவரில்தான் இருக்கிறது.

மனையும் மனைவியும்

நாவலின் மையமான மறைபொருள் ஹோவர்டின் முதல் மனைவி ஆக்னஸ். அவள் கல்லறைக்கல்லில் பெயரும், தாய் என்ற ஒரு சொல்லும், 1885 என்ற ஆண்டும் மட்டுமே உள்ளன. உண்மையில் அவள் இறந்து புதைக்கப்பட்டவள் அல்லள். நினைவுகளைத் தாங்கி ஒழுங்குபடுத்தப் பூஞ்சைக்கு ஒரு மனித மனம் தேவைப்பட்டது. அதற்காகவே ஹோவர்ட் அவளை உயிரோடு புதைத்தார். அவள் உடலிலிருந்து பூஞ்சை வேரோடி வீடெங்கும் பரவியது. கனவில் வந்த பொன்னிறப் பெண் அவளே. வீடு பேசுகிறது என்று கத்தலீனா எழுதியது அணியன்று, ஆக்னஸ்தான் வீடு.

இதை ஆங்கிலத்தில் வாசிப்போருக்கு அது அதிர்ச்சி. தமிழில் வாசிப்போருக்கு அதிர்ச்சியோடு வேறொன்றும் சேர்கிறது. நம் மொழி இதைப் பன்னெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ‘மனை’ என்பது வீட்டையும் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். ‘இல்’ என்பதும் அவ்வாறே. ‘பிறனில் விழையாமை’ என்ற குறள் அதிகாரத் தலைப்பில் இல் என்பது மனைவியே. இல்லாள், மனையாள், மனைக்கிழத்தி, இல்லக்கிழத்தி என வீட்டின் பெயராலேயே பெண் அழைக்கப்படுகிறாள். ஆணுக்கு ‘இல்லான்’ என்று அதே வேரிலிருந்து சொல்லமைத்தால் அது இல்லாதவனைக் குறித்துவிடுகிறது! இச்சொற்களை மனையறத்தின் பெருமைக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். அப்பெருமையை மறுப்பது இங்கு நோக்கமன்று. ஆனால் மனைவியே மனை என்ற சமன்பாட்டை ஒருவன் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றினால் என்ன நேரும் என்பதை ஆக்னசின் உடல் காட்டுகிறது. அவள் சுவராகிறாள், தரையாகிறாள், மரபினரின் நினைவைத் தாங்கும் பாத்திரமாகிறாள். பெண்ணாக இருந்த ஆக்னஸ் மட்டும் எங்கும் இல்லை. கல்லறைக்கல்லில் பொறித்த ‘தாய்’ என்ற சொல் அப்போதுதான் தன் கொடூரத்தைக் காட்டுகிறது. யாருக்குத் தாய் என்று அக்கல் சொல்வதில்லை. வீட்டுக்கே தாய்.

நீலியோடு ஓர் ஒப்பீடு இவ்விடத்தில் பயன்தரும். பழையனூர் நீலி கதையிலும் கணவனால் கொல்லப்பட்ட மனைவியே பேயாகிறாள். மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தொடர்ந்து, கைக்குழந்தையோடு ஊரார் அவைமுன் நின்று, இவன் என் கணவன் என்று வழக்குரைக்கிறாள். எழுபது வேளாளர் பிணை நிற்கின்றனர்; அவன் இறந்தபின் வாக்குத் தவறாது தீப்பாய்கின்றனர். கதையை வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகவே மரபு போற்றிவந்தது. அவையில் ஒலித்த நீலியின் குரலை நாம் அவ்வளவாகக் கேட்கவில்லை. ஆயினும் அவளுக்கு ஓர் அவை இருந்தது. சொல்ல ஒரு வழக்கு இருந்தது. பேயானதால் அவள் ஆற்றல் பெற்றாள். ஆக்னசுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. இறக்கவிடாமல் வைக்கப்பட்டதால் அவளால் பழிவாங்கும் பேயாகவும் ஆக முடியவில்லை. நிலவறையில் அவளுக்கு எஞ்சியிருப்பது ஓயாத அலறல் மட்டுமே. அணங்கையும் தன் பணியாளாக்கிக்கொண்ட இறை ஹோவர்ட். மெய்ப்பாட்டியலின் முதல் நிலைக்களனை நான்காவது விழுங்கிவிடும் இடம் இதுவே.

மண்ணும் எருவும்

சுரங்கத்தில் உழைத்தவர்கள் காரணம் தெரியாத நோயில் கூட்டமாக இறந்தனர் என்ற செய்தி நாவலின் முற்பகுதியில் பின்னணித் தகவலாகவே வருகிறது. பூஞ்சைக்கு வளம் வேண்டியிருந்தது, அவர்கள் உடல்கள் எருவாயின என்பது பின்னர்த் தெரிகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்த மண் தோட்டத்துக்குப் போதவில்லை போலும்.

இங்கு ஹோவர்டின் கொள்கையில் உள்ள ஓட்டை வெளிப்படுகிறது. பிரான்சிஸ் கால்டன் 1883இல் பெயரிட்ட இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் வேதம்போல் நம்புகிறார். தூய இரத்தம் என்று பேசும் அவ்வீடு உழைப்புக்கு மெக்சிகோ உடல்களை உண்டது. உறவுக்குள் மணந்து மணந்து பிள்ளைப்பேறு அருகியபோது, மரபு தொடர மெக்சிகோப் பெண்களையே நாடுகிறது. கத்தலீனாவும் பின்னர் நோயெமியும் அவ்வீட்டுக்கு வேண்டியவர்களாவது இதனால்தான். தாழ்ந்ததென்று ஒதுக்கிய இரத்தமின்றித் தூய்மைக்கு உயிரில்லை.

நாவலின் குறைகளும் சொல்லப்படவேண்டும். பூஞ்சையின் இயல்பை விளக்கும் பிற்பகுதி உரையாடல்கள் நீளமானவை. அதுவரை மூட்டமாய்க் கவிந்திருந்த அச்சம் அங்கே பாடமாகிவிடுகிறது. தொழிலாளர் கூட்டமாகவே வந்து கூட்டமாகவே மறைகின்றனர். பெனித்தோ கூட மற்றவர் சொல்லில் மட்டுமே வாழ்கிறான். நகரத்துச் செல்வக் குடும்பப் பெண்ணின் கண்வழியே அனைத்தும் காணப்படுவதால் இது நேர்ந்தது எனச் சமாதானம் கூறலாம்; குறை குறையே.

தீக்குப் பின்

இறுதியில் நிலவறையில் ஆக்னசைக் காணும் நோயெமி அவளை எதிரியாகக் கருதவில்லை. அவள் துன்பம் முடியவேண்டும் என்பதை உணர்ந்து, கையிலிருந்த விளக்கை அவள்மீது எறிகிறாள். பேயோட்டும் கதைகளில் தீ பேயை அழிக்கும். இங்கு தீ ஆக்னசை விடுவிக்கிறது, அழிவது வீடு. அதற்கு முன்பே கத்தலீனா, பித்துப்பிடித்தவள் என்று அடைக்கப்பட்ட அதே கத்தலீனா, ஹோவர்டைக் கத்தியால் குத்திவிட்டாள். ரூத் தொடங்கியதை முடித்தவள் அவளே எனலாம். நோயெமியையே தலைவியாகக் கொண்டாடும் வாசிப்புகள் இதைக் கடந்துபோய்விடுகின்றன.

எரியும் மாளிகையிலிருந்து தப்பும் மூவருள் ஒருவன் பிரான்சிஸ். ஹோவர்டின் மருமகள் முறையான ஃப்ளோரன்ஸின் மகன், நோயெமிக்குத் துணைநின்ற மென்மையான இளைஞன். மருத்துவர் கமரில்யோவின் வீட்டில் காயத்தோடு படுத்திருக்கும் அவனுக்கு ஓர் ஐயம்: பூஞ்சை தன் உடலில் இன்னும் இருக்குமோ, ஒருநாள் அந்த முதியவர் தன் கண்வழியே பார்ப்பாரோ? தானும் எரிந்திருக்கவேண்டும் என்ற எண்ணமும் அவனுக்கு எழுகிறது. மருத்துவர் இதற்கு விடை சொல்லவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. இறை எரிந்தாயிற்று, ‘தம்’ என்னும் உரிமை மட்டும் அவன் இரத்தத்தில் எஞ்சியிருக்கிறது. நோயெமி அவன் அச்சத்தை மறுத்துப் பேசவில்லை. அவன் அருகில் அமர்ந்து முத்தமிடுகிறாள்.